மாற்றுத்திறனாளர் கலை அறக்கட்டளைக்கு அறங்காவலர் சபை அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மாற்றுத்திறனாளிகளே நடிக்கும் ஒரு நாடகக் குழு, காது கேளாத இளைஞர்களின் நடனக் குழு, கற்றல் குறைபாடு உள்ளவர்கள் வரையும் ஓவியக் கூடம். இப்படி ஓர் அறக்கட்டளையின் சபையை அமைக்கவோ புதுப்பிக்கவோ பொறுப்பேற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். சட்ட விவரங்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் பொருந்துபவை. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனிச் சட்டம் உண்டு. அங்கிருப்பவர்கள் கூட்டம் நடத்தும் பகுதிகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் வரிசையில்தான். முதலில் விளம்பரம், அப்புறம் ஆள், அந்த ஆள் வந்து உட்கார்ந்த பிறகு அவருக்கு என்ன வசதி வேண்டும் என்ற பேச்சு. அதற்குள் முதல் கூட்டம் வீணாகியிருக்கும். வந்தவருக்கும் இந்த அமைப்பு எப்படிப்பட்டது என்று விளங்கியிருக்கும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் விளம்பரம் நான்காவது படியாக வருகிறது.

தொடங்கும் முன் சிலவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: அமைப்பின் யாப்பு, அதாவது அதன் விதிகளை எழுதிவைத்த அடிப்படை ஆவணம் (கடைசியாகத் திருத்திய பிரதி), சென்ற ஆண்டின் முழுக் கணக்கு, இந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டம், நடப்பு மானியங்களும் அவற்றின் நிபந்தனைகளும், இப்போதுள்ள அறங்காவலர்கள் எப்போது சேர்ந்தார்கள் என்ற பட்டியல். கூடவே, இந்த வேலையை முன்னின்று நடத்த ஒருவர் வேண்டும். ஆறு மாதமாவது பிடிக்கும் என்று அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

1. யாப்பை வரி வரியாகப் படியுங்கள்

யாப்பு அனுமதிக்காத வழியில் ஒருவரை நியமித்தால், அவர் வாக்களித்த தீர்மானங்களும் பின்னாளில் கேள்விக்கு உள்ளாகும். அதனால் இதுதான் முதல் வேலை. எத்தனை பேர் வரை இருக்கலாம், யார் நியமிப்பது (சபையா, உறுப்பினர்களா), பதவிக்காலம் எவ்வளவு, கோரம் (கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச எண்ணிக்கை) எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். இதுவரை எல்லோரும் செய்வதுதான். நம்முடைய துறையில் இன்னும் இரண்டு இடங்களை உற்றுப் பார்க்க வேண்டும்.

ஒன்று, இணையவழிக் கூட்டம் பற்றிய விதி. பழைய யாப்புகள் பலவற்றில், கலந்துகொள்வோர் எல்லோரும் ஒருவர் பேசுவதை ஒருவர் ‘கேட்க’ முடிந்தால்தான் அது கூட்டம் என்று எழுதியிருக்கும். சைகை மொழியில் பேசும் அறங்காவலரை அந்த ஒரு சொல் வெளியே நிறுத்திவிடும். அறக்கட்டளைகளைப் பதிந்து கண்காணிக்கும் அரசு அமைப்பான சேரிட்டி கமிஷன், சிஐஓ (அறக்கட்டளைகளுக்கென்றே உள்ள சட்டப்பூர்வப் பதிவு வடிவம்) அமைப்புகளுக்குத் தரும் மாதிரி யாப்பில் ஒவ்வொருவரும் மற்றவர்களுடன் ‘தொடர்புகொள்ள’ முடிய வேண்டும் என்றுதான் இருக்கிறது. உங்களுடையதையும் அப்படி மாற்றுங்கள். இணையவழிக் கூட்டம் பற்றி யாப்பில் ஒன்றுமே இல்லையென்றால் அதற்கான விதியைச் சேருங்கள். உடல் வலியாலோ போக்குவரத்துத் தடையாலோ வீட்டிலிருந்தே கலந்துகொள்பவர்களின் வாக்கு செல்லுமா என்ற சந்தேகம் எழவே கூடாது.

இரண்டு, பதவி இழப்பு பற்றிய விதி. உடலாலோ மனதாலோ பணியாற்ற இயலாதவராகி, அந்த நிலை மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கக்கூடும் என்று சிகிச்சை தரும் மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பதவி போய்விடும் என்ற விதி பல யாப்புகளில் இருக்கிறது. வழக்கமான விதிதான். ஆனால் நாள்பட்ட நோயோடு வாழ்பவர்கள் நிறைந்த சபையில் அதைச் சும்மா விட்டுவைப்பது ஆபத்து. ‘தக்க உதவிகளும் விடுப்பும் கொடுத்துப் பார்த்த பிறகே’ என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. மனநலக் காரணத்துக்காக நீதிமன்றம் ஆணையிட்டாலே இயக்குநர் பதவி போகும் என்று நிறுவனங்களின் மாதிரி யாப்பில் இருந்த விதியை 2013ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று நீக்கியது. அதற்கு முன் எழுதிய யாப்பு என்றால் அந்த வரி இன்னும் அங்கே உட்கார்ந்திருக்கலாம். தேடிப் பாருங்கள்.

திருத்தம் எப்படிச் செய்வது என்பதும் யாப்பிலேயே இருக்கும். அறக்கட்டளையின் நோக்கங்கள், அறங்காவலர் பெறும் பயன்கள், கலைக்கும்போது சொத்து யாருக்குப் போகும் என்பவற்றை மாற்றக் கமிஷனின் முன்அனுமதி வேண்டும். கூட்ட விதியை மாற்ற அது தேவைப்படாது.

2. அணுகல் செலவுக்குத் தனித் தொகை ஒதுக்குங்கள்

அணுகல் செலவு என்றால் மாற்றுத்திறனாளர் மற்றவர்களைப் போலவே பங்குபெறத் தேவையான வசதிகளுக்கான செலவு. ‘ஆக்சஸ் டு வொர்க்’ என்ற அரசு உதவி இருக்கிறதே, அது கொடுக்காதா என்று கிட்டத்தட்ட எல்லாப் புதியவர்களும் கேட்கிறார்கள். கொடுக்காது. அது சம்பள வேலைக்கும் சுயதொழிலுக்கும் உரியது. அறங்காவலர் பதவி ஊதியமில்லாதது. ஆகவே செலவு முழுவதும் அறக்கட்டளையின் தலையில்தான் விழும். இதைத் தெரியாமல் விளம்பரம் போட்டுவிட்டு, சைகை மொழி உரைபெயர்ப்பாளருக்குப் பணம் இல்லை என்று கையைப் பிசைந்த சபைகள் உண்டு.

தொகையைக் கணக்கிட ஆண்டின் கூட்டங்களை எல்லாம் முதலில் எழுதுங்கள். நான்கு முதல் ஆறு சபைக் கூட்டங்கள், துணைக்குழுக்கள், ஆண்டுப் பொதுக்கூட்டம், புதியவர்களுக்கான அறிமுக நாள், நேர்காணல் நாட்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் உரைபெயர்ப்பாளர், பேசப் பேச எழுத்தாக்கித் திரையில் காட்டுபவர், தனி உதவியாளரின் நேரம், டாக்சி, ஆவணங்களை வேறு வடிவத்துக்கு மாற்றும் செலவு என்று போடுங்கள். நீண்ட கூட்டத்துக்கு இரண்டு உரைபெயர்ப்பாளர்கள் வேண்டும். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை அவர்கள் மாறிக்கொள்வார்கள். ஒருவரே நின்றால் களைத்துப்போய்த் தவறு வரும்.

எல்லோரும் மறப்பது கூட்டங்களுக்கு இடையிலான நேரத்தை. தலைவர் மற்ற அறங்காவலர்களோடு போனில் பத்து நிமிடம் பேசுகிறார். காது கேளாத அறங்காவலரோடு அதே பத்து நிமிடம் பேச உரைபெயர்ப்பாளர் வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கவில்லை என்றால் அந்தப் பேச்சே நடக்காது. அவர் கூட்டத்துக்கு மட்டும் வந்துபோகும் ஆளாகிவிடுவார்.

இந்தப் பணம் எங்கிருந்து வரும்? ஒரு குறிப்பிட்ட நாடகத்துக்கென்று கொடுத்த மானியத்தில் கை வைக்க முடியாது. பொது நிதியிலிருந்து எடுக்கலாம். அல்லது இனிப் போடும் ஒவ்வொரு மானிய விண்ணப்பத்திலும் நிர்வாகச் செலவின் பகுதியாக இதைச் சேர்க்கலாம். வரவு செலவுத் திட்டத்தில் ‘சபை அணுகல் செலவு’ என்று தனி வரியாகவே வையுங்கள். ‘இதர செலவு’ என்பதற்குள் போட்டால் பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது அதுதான்.

முடிந்தவரை செலவை அறக்கட்டளையே நேரடியாகச் செலுத்தட்டும். ‘நீங்கள் கொடுங்கள், ரசீது காட்டினால் தருகிறோம்’ என்பது அரசு உதவித்தொகையில் வாழும் ஒருவருக்கு அந்த மாதமே பெரிய சுமை. அவர் கைக்காசு கொடுத்திருந்தால் உண்மையான செலவை ரசீதோடு திருப்பிக் கொடுங்கள். கூட்டத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக ஒரு தொகை கொடுக்காதீர்கள். அது செலவைத் திருப்பிக் கொடுத்ததாக ஆகாது, ஊதியமாகக் கருதப்படலாம். அவருடைய உதவித்தொகையும் பாதிக்கப்படலாம். உரைபெயர்ப்பு, பிரெயில், உதவியாளர் பயணம் போன்றவை நியாயமான செலவுகள் என்பதில் அறக்கட்டளை விதிகளுக்கு முரண் எதுவும் இல்லை. அறங்காவலருக்குச் சலுகை காட்டுவதாக யாராவது முணுமுணுத்தால் இதைச் சொல்லுங்கள்.

3. சபையில் யார் இல்லை என்று பாருங்கள்

‘மாற்றுத்திறனாளர்கள் தலைமையில் இயங்கும் அமைப்பு’ என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் சபையில் பாதிக்கு மேல் அவர்களே இருக்க வேண்டும். நிதி வழங்குவோர் பலரும் இந்த அளவைத்தான் பார்க்கிறார்கள். எட்டுப் பேரில் ஐந்து பேர் என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

இருக்கும் அறங்காவலர்களின் பெயர்களை ஒரு பக்கம் எழுதி, மறுபக்கம் கணக்கு, சட்டம், நிதி திரட்டல், பயனாளிகளின் பாதுகாப்பு, கலைப் பயிற்சி, ஆளணி என்று துறைகளைப் போடுங்கள். இங்கே ஒரு தவறு மெல்ல நுழையும். மாற்றுத்திறனாளிகள் ‘அனுபவம்’ கொண்டுவருவார்கள், மற்றவர்கள் ‘திறமை’ கொண்டுவருவார்கள் என்று நம்மை அறியாமலே பிரித்துவிடுவோம். இந்தப் பிரிவு வந்துவிட்டால் பணம் பற்றிய முடிவுகள் ஒரு பக்கத்தாரிடமே போய்ச் சேரும். பார்வையற்ற கணக்காளரும் சக்கர நாற்காலியில் இயங்கும் வழக்கறிஞரும் இருக்கிறார்கள், அவர்களைத் தேடுங்கள்.

ஒரு மாற்றுத்திறனாளியை மட்டும் தனியாகச் சேர்க்காதீர்கள். ஊனம் பற்றிய எல்லாக் கேள்விக்கும் அறையிலுள்ளவர்கள் அவர் முகத்தையே பார்ப்பார்கள். குறைந்தது இருவர் ஒன்றாகச் சேர்ந்தால் ஒருவர் இன்னொருவருடன் முரண்படவும் முடியும். அந்த முரண்பாடு சபைக்குத் தேவை.

இன்னொரு பொறி ஆலோசனைக் குழு. கலைஞர்களை ஆலோசனைக் குழுவில் வைத்துவிட்டு, முடிவெடுக்கும் சபையைப் பழையபடியே விட்டுவிடுவது. ஆலோசனைக் குழு நல்லதுதான், ஆனால் அது சபைக்கு மாற்று ஆகாது. 2011ஆம் ஆண்டின் அறக்கட்டளைச் சட்டப்படி, நிர்வாகத்தின் பொதுவான கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அறங்காவலர். பதவிப் பெயர் முக்கியமில்லை. கட்டுப்பாடு இல்லாதவர் ‘குழு உறுப்பினர்’ என்ற பட்டத்தோடு நின்றுவிடுகிறார்.

கற்றல் குறைபாடு உள்ளவர் அறங்காவலராக இருக்கலாமா என்று தயங்குபவர்கள் அதிகம். இருக்கலாம். 2005ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் (மென்டல் கபாசிட்டி ஆக்ட்), வயதுவந்த எவரும் முடிவெடுக்கக்கூடியவர் என்றே எடுத்துக்கொள்கிறது. தகுந்த உதவி கொடுத்துப் பார்க்காமல் இயலாதவர் என்று தள்ளக் கூடாது என்கிறது. அவருக்கு ஓர் உதவியாளர் பக்கத்தில் இருப்பார். உதவியாளர் விளக்குவார், வாக்களிக்க மாட்டார். வயதைப் பொறுத்தவரை, நிறுவனமாகவோ சிஐஓவாகவோ பதிந்த அறக்கட்டளையில் 16 வயதிலிருந்தே அறங்காவலராகலாம், மற்றவற்றில் 18.

4. இப்போது விளம்பரம்

மாற்றுத்திறனாளிகள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று போடலாமா? போடலாம். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை கொடுத்ததால் பாகுபாடு என்று மற்றவர் வழக்குப் போட முடியாது.

விளம்பரத்தில் மறைக்காமல் எழுத வேண்டியவை: ஆண்டுக்கு எத்தனை கூட்டம், எவ்வளவு நேரம், எந்தக் கிழமை, நேரிலா இணையத்திலா, மாதத்துக்கு எத்தனை மணி நேர வாசிப்பு, ஊதியம் இல்லை, அணுகல் செலவு முழுவதும் எங்களுடையது. கடைசி வரியைத் துணிந்து எழுத முடிவது இரண்டாம் படியைச் செய்து முடித்ததால்தான்.

சைகை மொழி வீடியோ, எளிய வாசிப்பு வடிவம் (சிறு வாக்கியங்களும் படங்களும் கொண்டது), ஒலிவடிவம் ஆகியவை விளம்பரம் வெளியாகும் நாளிலேயே தயாராக இருக்கட்டும். ‘கேட்டால் தருவோம்’ என்றால் ஒருவர் கேட்டு, நீங்கள் தயாரித்து, அவர் கைக்குப் போகும்போது கடைசித் தேதி நெருங்கிவிடும். விண்ணப்பத்தையும் எழுத்தாகவோ ஒலியாகவோ வீடியோவாகவோ அனுப்ப விடுங்கள். வேலை அனுபவப் பட்டியல் கேட்காதீர்கள். நோயால் சில ஆண்டுகள் வேலை பார்க்காதவர் அந்த இடைவெளியைப் பார்த்தே ஒதுங்கிக்கொள்வார்.

டிசபிலிட்டி ஆர்ட்ஸ் ஆன்லைன், ரீச் வாலண்டியரிங் போன்ற தளங்களில் போடுங்கள். அதோடு நின்றுவிட்டால் ஏற்கெனவே தெரிந்த வட்டமே திரும்ப வரும். உங்கள் பயிலரங்குக்கு வந்துபோனவர்கள், பார்வையாளர்கள், உள்ளூர் மாற்றுத்திறனாளர் சங்கங்கள் என்று ஆள் வைத்துச் சொல்லுங்கள். நம் தமிழ்க் குடும்பங்களில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் இந்தத் தளங்களைப் பார்ப்பதே அரிது. சங்கங்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் நேரில் போய்ச் சொன்னால்தான் காதில் விழும். அப்போதும் பெற்றோரோடு பேசிவிட்டுத் திரும்பாதீர்கள், சம்பந்தப்பட்டவரிடமே பேசுங்கள்.

5. சந்திப்பும் தேர்வும்

நேர்காணலுக்கு அழைக்கும் கடிதத்திலேயே ‘உங்களால் முழுமையாகப் பங்குபெற என்ன வேண்டும்?’ என்று கேளுங்கள். ‘உங்களுக்கு என்ன குறைபாடு?’ என்று கேட்காதீர்கள். நோயின் பெயரை வைத்து உங்களால் எதையும் ஏற்பாடு செய்ய முடியாது. ‘பெரிய எழுத்தில் இரண்டு நாள் முன்னதாக’ என்றால் முடியும். கலைஞர்கள் பலர் தங்கள் தேவைகளை எழுதிய அணுகல் குறிப்பு ஒன்றை ஏற்கெனவே வைத்திருப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்விகளை ஒரு வாரம் முன்பே அனுப்பிவிடுங்கள். சட்டென்று பதில் சொல்லும் ஆற்றல் சபைக்குத் தேவைப்படுவதில்லை. ஆவணத்தைப் படித்து யோசித்துக் கேள்வி கேட்பதுதான் அங்கே வேலை. சென்ற ஆண்டின் கணக்கிலிருந்து ஒரு பக்கத்தைக் கொடுத்து, ‘இதைப் பார்த்ததும் எங்களிடம் என்ன கேட்பீர்கள்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் எப்படிப்பட்ட அறங்காவலராக இருப்பார் என்பது அதில் நன்றாகத் தெரியும்.

முடிவு செய்யும் முன் ஒரு கூட்டத்தைப் பார்வையாளராக வந்து பார்க்கச் சொல்லுங்கள், முழு அணுகல் வசதியோடு. அவர் உங்களைத் தேர்ந்தெடுக்கவும் இடம் வேண்டும்.

6. நியமனத்துக்கான ஆவணங்கள்

இது விரைவாக முடியும் பகுதி. நேர்மையின்மை தொடர்பான, காலம் தீராத தண்டனை, தீராத திவால் நிலை, நிறுவன இயக்குநர் பதவிக்குத் தடை ஆகியவை இருந்தால் கமிஷனின் விலக்கு இல்லாமல் அறங்காவலராக முடியாது. அவை இல்லை என்ற உறுதிமொழியையும், வரித்துறைக்கான தகுதி உறுதிமொழியையும் கையெழுத்திட்டு வாங்குங்கள். மனநலச் சிகிச்சை பெற்றது ஒரு தடை அல்ல. அந்தக் கேள்வி படிவத்தில் இருந்தால் நீக்குங்கள்.

நியமனத் தீர்மானத்தைக் கூட்டக் குறிப்பில் பதிந்து, கமிஷனின் பதிவேட்டில் பெயரைச் சேருங்கள். அறக்கட்டளை நிறுவனமாகவும் பதிவாகியிருந்தால், நிறுவனங்களைப் பதியும் அரசு அலுவலகமான கம்பனீஸ் ஹவுஸுக்கும் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பர் 18 முதல் நிறுவன இயக்குநர்கள் தங்கள் அடையாளத்தைச் சரிபார்த்துக்கொள்வது கட்டாயம். முகத்தைப் படம்பிடித்துச் செய்யும் அந்த இணைய முறை எல்லோருக்கும் எளிதல்ல. உதவி வேண்டுமா என்று முன்கூட்டியே கேளுங்கள்.

7. முதல் கூட்டத்துக்கு முந்தைய இரண்டு வாரம்

சபை உயிரோடு இருக்குமா என்பது இங்கேதான் முடிவாகிறது. அறுபது பக்கத்தைக் கூட்டத்துக்கு முதல் நாள் இரவு அனுப்பினால், வேகமாகப் படிக்கக்கூடியவர்களின் சபையாகத்தான் அது இருக்கும். இரண்டு வாரம் முன்பே அனுப்புங்கள்.

ஆவணங்களை வேர்டு கோப்பாக அனுப்புங்கள். தலைப்புகளைத் தடித்த எழுத்தால் மட்டும் காட்டாமல் தலைப்பு வடிவத்தில் இடுங்கள். அப்போதுதான் ஸ்க்ரீன் ரீடர் (திரையிலுள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) பயன்படுத்துபவர் ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவ முடியும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் அவருக்கு வெறும் படம். கணக்கு அட்டவணையில் கட்டங்களை ஒன்றாக இணைக்காதீர்கள், எந்த எண் எந்தத் தலைப்புக்கு உரியது என்று குழம்பிவிடும். இடர்ப் பட்டியலில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் மட்டும் தீட்டுவது வழக்கம். நிறத்தோடு ‘அதிகம்’, ‘நடுத்தரம்’, ‘குறைவு’ என்ற சொல்லையும் எழுதுங்கள்.

எளிய வாசிப்பு வடிவம் என்றால் அறுபது பக்கத்தையும் மாற்ற வேண்டும் என்று பயந்து ஒன்றுமே செய்யாமல் விடுகிறார்கள். தேவையில்லை. அன்று எடுக்க வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு பக்கம் போதும்: என்ன முடிவு, என்னென்ன வழிகள், எவ்வளவு செலவு, தவறினால் என்ன ஆகும். ஒரு வாக்கியத்தில் ஒரு கருத்து, பக்கத்தில் ஒரு படம். உதாரணத்துக்கு, ‘இரண்டாம் காலாண்டில் கட்டுப்பாடற்ற வருவாயில் எதிர்மறை மாறுபாடு காணப்படுகிறது’ என்று பொருளாளர் எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதை இப்படி எழுதலாம்: ‘இந்த மூன்று மாதத்தில் நாம் எதிர்பார்த்ததைவிட 4,000 பவுண்டு குறைவாக வந்திருக்கிறது. டிக்கெட் குறைவாக விற்றதுதான் காரணம். அடுத்த சுற்றுப்பயணத்தில் ஓர் ஊரைக் குறைக்கலாமா என்று இன்று முடிவு செய்ய வேண்டும்.’ கணக்காளர் உட்பட எல்லோரும் முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான் என்பதைச் சீக்கிரமே காண்பீர்கள்.

உரைபெயர்ப்பாளர்களுக்கும் அதே ஆவணங்களை முன்கூட்டியே அனுப்புங்கள். வருபவர்களின் பெயர்கள், நாடகத் தலைப்புகள், சுருக்கப் பெயர்கள் அடங்கிய ஒரு பட்டியலையும் சேர்த்துக்கொடுங்கள். நல்ல உரைபெயர்ப்பாளர்களுக்குப் பல வாரம் முன்பே சொல்லிவைக்க வேண்டும். ஆகவே ஆண்டின் கூட்டத் தேதிகளை ஆண்டுத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். தேதியை மாற்றுவது தலைவருக்கு ஒரு மின்னஞ்சல். காது கேளாத அறங்காவலருக்கு அன்று பேச வழியே இல்லாமல் போகலாம்.

சைகை மொழியே தாய்மொழியாக உள்ளவருக்கு ஆங்கில ஆவணம் இரண்டாம் மொழியில் இருக்கிறது. கூட்டத்துக்கு முன் ஒரு மணி நேரம், உரைபெயர்ப்பாளரோடு, தலைவரோ பொருளாளரோ அவருடன் உட்கார்ந்து ஆவணங்களைப் பார்க்கட்டும்.

8. கூட்டத்தை நடத்துவது

தலைவர் நான்கு பழக்கங்களைப் பிடித்துக்கொண்டால் போதும். பேசுபவர் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். பார்வையற்றவருக்கும் உரைபெயர்ப்பாளருக்கும் அது தேவை. ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேச வேண்டும். ஒருவர் முடித்தபின் சில நொடி நிறுத்த வேண்டும், ஏனென்றால் உரைபெயர்ப்பு எப்போதும் சற்றுப் பின்னால்தான் வரும். அந்த இடைவெளி இல்லாவிட்டால் காது கேளாதவர் கை தூக்கும்போது பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போயிருக்கும். வாக்கெடுப்பில் கையைத் தூக்கச் சொல்லாமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்க வேண்டும்.

முக்கால் மணிக்கு ஒருமுறை இடைவேளை விடுங்கள். பேச்சு சூடாக இருக்கிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். மருந்து, வலி, களைப்பு எல்லாம் கடிகாரத்தை நம்பித் திட்டமிடப்பட்டிருக்கும். முக்கியமான முடிவுகளை நிகழ்ச்சி நிரலின் முன்பாதியில் வையுங்கள்.

கூட்டம் முடிந்தபின் வாசலில் நின்று பேசி முடிப்பது, வாட்ஸ்ஆப்பில் குரல் செய்தி அனுப்பி ‘எல்லோருக்கும் சம்மதம்தானே’ என்று கேட்பது, இவை இரண்டையும் நிறுத்துங்கள். கெட்ட எண்ணம் இல்லாமலே சிலரை முடிவுக்கு வெளியே தள்ளும் பழக்கங்கள் இவை. அவசர முடிவு வேண்டுமானால் எழுத்தில் அனுப்பி, பதிலளிக்கப் போதிய நாள் கொடுத்து, யாப்பு சொல்லும் வழியில் தீர்மானமாக்குங்கள்.

எதைச் சபை முடிவு செய்வது, எதை ஊழியர்கள் முடிவு செய்வது என்ற எல்லையையும் எழுதிவையுங்கள். கலைஞர்கள் நிறைந்த சபை நடிகர் தேர்வுக்குள்ளும் மேடை அமைப்புக்குள்ளும் நுழைந்துவிடும். கொள்கை, பணம், இடர், பாதுகாப்பு, நிர்வாக இயக்குநரின் பணி மதிப்பீடு ஆகியவை சபையினுடையவை. நாடகம் ஊழியர்களுடையது.

9. அறங்காவலரே கலைஞராக இருக்கும்போது

மற்றத் துறைகளைவிட இங்கே இது அடிக்கடி வரும். உங்கள் சபையிலுள்ள ஓவியருக்கே ஒரு சுவரோவியப் பணியை 2,000 பவுண்டுக்குக் கொடுக்க ஊழியர்கள் விரும்புகிறார்கள் என்று வையுங்கள். மாற்றுத்திறனாளர் கலைஞர்களின் வட்டம் சிறியது. சபைக்கு வந்ததால் அவர் வேலையை இழந்தால் நல்ல கலைஞர் எவரும் சபைக்கு வர மாட்டார். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிடவும் முடியாது.

2011ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி கொடுக்கிறது, யாப்பு தடுக்காதவரை. வேலைக்கு எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். தொகை நியாயமானதாக இருக்க வேண்டும். அவருக்குக் கொடுப்பது அறக்கட்டளையின் நலனுக்கு உகந்தது என்று மற்ற அறங்காவலர்கள் முடிவு செய்து பதிய வேண்டும். அந்தப் பேச்சின்போது அவர் அறையில் இருக்கக் கூடாது, கோரத்திலும் எண்ணக் கூடாது. இப்படிப் பணம் பெறுபவர்கள் எப்போதும் சபையில் சிறுபான்மையாகவே இருக்க வேண்டும். இந்த வழி பணிகளுக்கும் பொருள்களுக்கும் மட்டும். அறங்காவலராக இருப்பதற்கு ஊதியம் கொடுக்கவோ அவரை ஊழியராக அமர்த்தவோ இதைப் பயன்படுத்த முடியாது.

இங்கே ஒரு கணக்குச் சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஏழு பேர் சபையில் நான்கு கலைஞர்கள் ஒரே ஆண்டில் பணி பெற்றால் எல்லை தாண்டிவிடும். அதனால் நலன் முரண்பாட்டுப் பதிவேட்டைக் கூட்டத்துக்குக் கூட்டம் புதுப்பித்து, யார் எவ்வளவு பெற்றார் என்பதை ஒரே பக்கத்தில் வைத்திருங்கள். குடும்பத்தினர் பெறும் பணிகளையும் அதில் சேருங்கள்.

10. பணத்தைப் பொருளாளரிடம் மட்டும் விடாதீர்கள்

சட்டத்தின் முன் எல்லா அறங்காவலர்களின் பொறுப்பும் சமம். ‘எனக்குக் கணக்கு தெரியாது’ என்பது யாரையும் காப்பாற்றாது. ஒவ்வொருவரும் மூன்று கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்திருந்தால் போதும். இன்று வருமானம் நின்றால் எத்தனை மாதம் ஓட்டலாம்? வங்கியில் இருப்பதில் எவ்வளவு குறிப்பிட்ட திட்டத்துக்கென்று கட்டுண்டது? கையெழுத்திட்டுவிட்டதால் தவிர்க்க முடியாத செலவு எவ்வளவு?

மானியத்தில் வாழும் கலை அமைப்புகள் இரண்டாவது கேள்வியில்தான் விழுகின்றன. வங்கியில் நிறையப் பணம் இருப்பதுபோல் தெரியும், அதில் பெரும்பகுதி அடுத்த ஆண்டு நாடகத்துக்கு உரியது. பொருளாளர் ஒவ்வொரு அறிக்கையிலும் இரண்டையும் தனித்தனியாகக் காட்டட்டும்.

தேதிகளையும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். ஆண்டு விவர அறிக்கை, நிதியாண்டு முடிந்து 10 மாதத்துக்குள் கமிஷனுக்குப் போக வேண்டும். நிறுவனமாகவும் பதிந்திருந்தால் கம்பனீஸ் ஹவுஸுக்குக் கணக்கு 9 மாதத்துக்குள். பெரிய பண இழப்பு, பயனாளி ஒருவருக்கு நேர்ந்த தீங்கு போன்ற கடுமையான சம்பவங்களைக் கமிஷனுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். யார் தெரிவிப்பது என்று முன்பே பெயர் குறித்து வையுங்கள்.

11. விடுப்பும் விலகலும்

மருத்துவமனையிலோ படுக்கையிலோ சில மாதங்கள் கழிக்க நேர்வது இந்தச் சபைகளில் அபூர்வம் அல்ல. தொடர்ந்து சில கூட்டங்களுக்கு வராவிட்டால் பதவி போகும் என்ற விதி யாப்பில் இருந்தால், சபை அனுமதித்த விடுப்பு அதில் சேராது என்று தெளிவாக்குங்கள். விடுப்பிலிருப்பவரும் சட்டப்படி அறங்காவலர்தான் என்பதால் முடிவுகளின் சுருக்கம் அவருக்குப் போய்க்கொண்டே இருக்கட்டும். இருவர் ஒரே நேரத்தில் விடுப்பெடுத்தாலும் கோரம் நிற்குமாறு சபையின் எண்ணிக்கையை வைத்துக்கொள்ளுங்கள்.

பதவிக்காலம் எல்லோருக்கும் ஒரே நாளில் முடியாதபடி அடுக்கி வையுங்கள். தலைவரும் பொருளாளரும் ஒரே ஆண்டில் போகவே கூடாது. தலைவர் பதவிக்கு அடுத்து வரக்கூடியவரை ஓராண்டு முன்பே துணைத்தலைவராக்கி, சில கூட்டங்களை அவரையே நடத்த விடுங்கள். அவர் சைகை மொழியில் நடத்துபவராகவோ எளிய வாசிப்புத் தேவைப்படுபவராகவோ இருந்தால் சபை முழுவதும் பழகிக்கொள்ளவும் அந்த ஓராண்டு உதவும்.

ஒருவர் விலகும்போது காரணத்தைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அணுகல் வசதி சரியாக இல்லை என்பதைக் கூட்டத்தில் சொல்லத் தயங்கியவர் அப்போது சொல்லக்கூடும். கமிஷனின் பதிவேட்டிலிருந்தும் வங்கிக் கையெழுத்துப் பட்டியலிலிருந்தும் பெயரை எடுங்கள். அவர் கொடுத்திருந்த அணுகல் குறிப்பு உடல்நலம் பற்றிய தனிப்பட்ட தகவல். அதன் எல்லாப் பிரதிகளையும், உரைபெயர்ப்பு ஏற்பாடுகளுக்காக மின்னஞ்சலில் அனுப்பியவை உட்பட, அழித்துவிடுங்கள்.